மங்கலான ஓணான்கள்

வடமாலபேட்டை,
12.7.1998

அன்புள்ள சந்தியா,

நலமாய்ப் போய்ச் சேர்ந்தாயா? விமானத்தில் வாந்தி எடுத்தாயா? கல்யாணமாகி நியூஜெர்சி போனதும் என்னை மறந்துவிட்டாய் என்று திட்டலாம் என்றிருந்தேன். உன் அம்மா விலாசம் கொடுக்கவே இத்தனை நாளாயிற்று. அதனால் பாதித் திட்டுதான்.

இரண்டாம் ஆண்டு தொடங்கிவிட்டது. நீ போனபின் வகுப்பில் ஏழே பேர். பக்கத்துக் கட்டடத்தில் கம்ப்யூட்டர் படிக்க உட்கார இடமில்லை. நேற்று திருப்பதி பஸ்ஸில் கண்டக்டர் என்ன படிக்கிறேன் என்று கேட்டார். சூழலியலும் பரிணாம உயிரியலும் என்றேன். "அத்த படிச்சா இன்னா வேல குடுப்பாங்க?" என்றார். இறங்குகிற வரைக்கும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

ஆனால் சந்தியா, எனக்கு ஒரு கேள்வி கிடைத்திருக்கிறது. எங்கள் ஊருக்குப் பின்னால் உள்ள பாறைமலையில், இந்தப் பருவத்தில் ஆண் ஓணான்கள் முதுகெல்லாம் செக்கச்செவேல் என்று ஆகின்றன. அதுவும் மலையின் மேல்பக்கத்தில் உள்ளவை மட்டும்தான். ஊரை ஒட்டிய பாறைகளில் உள்ளவை மங்கலாகவே இருக்கின்றன. ஒரே மலை, ஒரே வெயில். பின் ஏன்? பூனையும் நாயும் நம் பையன்களின் கல்லும் பளிச்சென்று இருப்பவற்றை முதலில் கொன்றுவிடுகின்றனவா? கமலம்மா மேடம், "இதையே உன் புராஜெக்ட்டாக எடுத்துக்கொள்" என்றார். பிடித்த ஓணானை மறுபடி அடையாளம் காண வாலில் நகப்பூச்சு வைக்கிறேன். தெருவில் எனக்குப் பைத்தியம் என்ற பேச்சு.

பதில் போடு.

என்றும் உன்
தரணி

நியூஜெர்சி,
4.10.1998

என் தரணிக் கண்ணு,

உன் கடிதத்தைக் குளியலறையில் உட்கார்ந்து படித்து அழுதேன். இங்கே பகல் முழுக்க ஒரு குரல் கேட்காது. இவர் காலையில் போனால் இரவுதான் வருவார். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்ததும் கம்ப்யூட்டர்களெல்லாம் நின்றுவிடுமாம், அதைத் தடுக்கிற வேலை. என் விசாவில் வேலைக்குப் போக முடியாது, படிக்கலாம். "ஏதாவது படியேன்" என்றார். போய்க் கேட்டால், நம் பாடமே இங்கே ஒரு டிகிரி! அதற்கென்று தனிக் கட்டடம். மாடியில் கண்ணாடி வீடு, அதற்குள் காடு. முதல் நாள் அங்கே நின்றபோது உன்னைத்தான் நினைத்தேன், நீதான் இங்கே நின்றிருக்க வேண்டும்.

சேர்ந்துவிட்டேன். பாதி புரியவில்லை. அவரவர் ஊரில் கவனித்த ஓர் உயிரைப் பற்றி எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு என்னடி தெரியும்? உன் ஓணானைப் பற்றி விவரமாக எழுதேன். சீக்கிரம்.

உன்
சந்தியா

வடமாலபேட்டை,
20.12.1998

அன்புள்ள சந்தியா,

நீ கேட்ட எல்லாவற்றையும் தனித் தாள்களில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நீளங்கள், நிறங்கள், எந்தப் பாறை, எந்த நேரம். புரியாததைக் கேள். எழுத எழுத எனக்கே தெளிவாயிற்று. அடுத்த பருவமும் பார்த்துவிட்டால் உறுதியாகச் சொல்லிவிடலாம்.

கல்லூரியில் நல்ல செய்தியில்லை. நம் பிரிவை மூடுகிறார்கள். மூன்றாம் ஆண்டு கிடையாது. ஏழு பேரும் பிரின்சிபாலிடம் போனோம். "ஏடுகுரு பிள்ளலகி ஒக குரூப்பா அம்மா?" என்று தெலுங்கில் சிரித்தார். ஏழு பேருக்காக ஒரு பிரிவா என்று. "கம்ப்யூட்டருக்கு மாறிக்கங்க, மொதல் வருஷத்துலேர்ந்து" என்றார். ரெண்டு வருஷம் படித்தது என்னாகும் சார் என்றேன். "அறிவு எங்க போவும்? உன்னாண்டயே இருக்கும்" என்றார். ஐந்து பேர் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நானும் ரமணாவும் போடவில்லை. மேடத்துக்கும் மார்ச்சோடு வேலையில்லை.

நைனாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அங்கே உன் ஆசிரியர்களிடம் கேட்டுப் பாரேன். என்னைப் போன்ற ஒருத்திக்கு ஏதாவது வழி இருக்குமா?

உன்
தரணி

நியூஜெர்சி,
11.4.1999

தரணி, தரணி,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. பெரிய செய்தி! நீ எழுதியதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். வகுப்பிலேயே அதுதான் முதல். பேராசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, "இதெல்லாம் நீ பார்த்ததா?" என்றார். ஆமாம் என்றேன். நாம் சேர்ந்துதானே அந்த மலையில் ஏறினோம்? அக்டோபரில் மாணவர் மாநாட்டில் இதைப் படிக்கச் சொல்கிறார். ஊரில் ஒரு தோழி உதவுகிறாள் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

உனக்காகவும் கேட்டேன். டிகிரி முடித்துவிட்டால் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கலாமாம். அதனால் எப்படியாவது முடித்துவிடு. முடியாவிட்டால் கம்ப்யூட்டரே படியேன், இவர் அதில்தான் எதிர்காலம் என்கிறார்.

இந்தப் பருவத்துக் கணக்கும் வேண்டும். இரண்டு பக்கத்து ஓணான்களையும் போட்டோ எடுத்து அனுப்புவாயா? ஜூலைக்குள் வந்தால் நல்லது, செல்லம்.

அன்புடன்
சந்தியா

திருப்பதி,
25.7.1999

அன்புள்ள சந்தியா,

உன் வெற்றிக்கு வாழ்த்துகள். உன் கடிதத்தை ஊரில் யாரிடமும் காட்டவில்லை.

எங்கள் தெரு வெங்கடலட்சுமி அக்கா வேலை செய்யும் லாட்ஜில் எனக்கும் வரவேற்பறையில் வேலை கிடைத்திருக்கிறது. தரிசனத்துக்கு வருகிறவர்களுக்குச் சாவி கொடுக்கிறேன். அதற்கு முன் இந்த ஊரில் ஏறாத கல்லூரியில்லை, சென்னைக்கும் ஒரு நாள் போய் வந்தேன். இந்தப் பாடம் எங்கேயும் இல்லை. விலங்கியலில் முதலாண்டில் சேரலாம் என்றார்கள். இன்னும் மூன்று வருடம் என்று வீட்டில் வாய் திறக்க முடியவில்லை. ரமணா சித்தூரில் ஒரு ஜூஸ் ஃபாக்டரிக்குப் போய்விட்டான்.

மலைக்குப் போனேன். போகாமல் இருப்பேனா? மே மாதம் பாறைகளின்மேல் வெள்ளை பெயிண்டில் எண்கள் எழுதியிருந்தன. கிரானைட்டுக்குக் குத்தகை விட்டாயிற்றாம். சிவப்பு ஓணான்கள் இருந்த மேல்பக்கம்தான் நல்ல கல்லாம். ஜூனில் தினமும் வெடி வைத்தார்கள். ஊரில் பாதி ஆண்களுக்கு அங்கே வேலை. நைனாவும் துளை போடப் போகிறார். முதல் நாளே அவரிடம் சண்டை போட்டேன்.

"ஓணான் பாத்துக்கினு இருந்தா துன்றதுக்கு யாரு குடுப்பாங்க? நானா மலய வித்தேன்? நான் போவலன்னா வேற ஒருத்தன் போவான்" என்றார். பிறகு, நான் அழுவதைப் பார்த்து, "ஒரு ரெண்ட புட்ச்சி இந்தாண்ட வுட்டா பொழைக்காதா?" என்று கேட்டார். நிஜமாகவே கேட்டார், சந்தியா. மறுநாள் சாப்பாட்டுத் தூக்கில் ஒன்றைப் போட்டுக் கொண்டுவந்தார். மூடியைத் திறக்கும்போது செத்திருந்தது. நிறமும் போயிருந்தது.

இந்தப் பருவத்துக் கணக்கு என்னிடம் இல்லை. போட்டோவும் இல்லை.

நாம் சேர்ந்து மலை ஏறியதாக எழுதியிருந்தாய். நீ ஒரு நாள் வந்தாய். தலைவலி என்று கீழே புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தாய். அதை உன் பேராசிரியரிடம் சொல்ல வேண்டும் என்பதில்லை. மாநாட்டில் நன்றாகப் படி. யார் பெயர் வேண்டுமானாலும் இருக்கட்டும். அச்சானால் எனக்கு அனுப்ப வேண்டாம்.

ஒன்று மட்டும் செய். அந்த மலையின் மேல்பக்கத்தில் சிவந்த ஓணான்கள் வாழ்கின்றன என்று எழுதியிருப்பாய். வாழ்ந்தன என்று திருத்திவிடு.

இப்படிக்கு,
கோ. தரணி