எல்லாரும் பார்க்கத் தின்ற பப்பாளி

ஒரகடம்
14.7.1991

அன்புச் சசிக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் என் வயிற்றுக்குள் உதைப்பவரும் சுகம். நீயும் உன் மூன்று மாத வாந்தியும் எப்படி இருக்கிறீர்கள்? நர்ஸ் பயிற்சியில் ஒரே தட்டில் சாப்பிட்டவள், குன்றத்தூர் வேலை கிடைத்ததும் ஒரு வரி எழுதக்கூட மறந்துவிட்டாய். நீ உண்டாகியிருப்பதையே பிறர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இங்கே புதன்கிழமைதோறும் பால்வாடியில் கர்ப்பிணிகளுக்கு வகுப்பு. கீரை, முட்டை, சத்து மாத்திரை என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். எல்லாரும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் அரை வயிற்றுக்குக் கஞ்சி குடிக்கிறார்கள். நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகிவிடும் என்று பயம். கங்கா என்று ஒருத்தி, கழனி வேலைக்குப் போகிறவள். கண்ணிமையை இழுத்துப் பார்த்தால் சுண்ணாம்பாய் வெளுத்திருக்கிறது. போன பிரசவத்தில் உதிரம் போய்ப் பிழைத்ததே பெரிது. இந்தத் தடவையும் இப்படியே இருந்தால் தாங்கமாட்டாள்.

பழுத்த பப்பாளி ஒன்றும் செய்யாது என்று போன மாதம் சொன்னேன். அவள் எழுந்து, "வாயால சொல்றியே நர்சம்மா, நீயும் புள்ளத்தாச்சிதான, நீ துன்னுவியா?" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் தோட்டத்துப் பழத்தைக் கொண்டுவந்து எல்லாரும் பார்க்க அறுத்துத் தின்றேன். அதிலிருந்து என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மாத்திரையே விழுங்குகிறார்கள். கங்காவும் முட்டை சாப்பிடுகிறாள். எனக்கு ஒரே கர்வம், போ.

உன்
மெர்சி


குன்றத்தூர்
2.8.1991

பப்பாளி வீராங்கனைக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் வாந்தி பாதி நின்றுவிட்டது. உனக்கு மட்டும்தான் ரோஷமா? நானும் ஆஸ்பத்திரியில் வைத்து இரண்டு துண்டு தின்றேன். வீட்டில் மூச்சுவிடவில்லை. என் மாமியார் சுந்தராம்பாளுக்குத் தெரிந்தால் மலைக்கோயில் படியில் என்னை உருட்டியே விட்டுவிடுவார்.

அதிகம் அலையாதே. படப்பை பஸ்ஸில் நின்றுகொண்டு போகாதே. ஊருக்கெல்லாம் சாப்பிடச் சொல்லிவிட்டு மத்தியானம் நீ பட்டினி கிடப்பாய் என்று எனக்குத் தெரியாதா?

உன் உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி கெஞ்சும்
சசிகலா


ஒரகடம்
29.9.1991

சசி,

ஏழாம் மாதத்தில் திடீரென்று ரத்த அழுத்தம் ஏறி, வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது. பெண் குழந்தை. சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர். அது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? ஆஸ்பத்திரியிலிருந்து நான் வீட்டுக்கு வருவதற்குள் என் வீட்டுக்காரர் நிலவன் தோட்டத்துப் பப்பாளி மரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

லீவில்தான் இருக்கிறேன். மனசு கேட்காமல் புதன்கிழமை பால்வாடிக்குப் போனேன். யாரும் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பாயைத் தட்டிப் போட்டு உட்கார வைத்தார்கள். ஆனால் ஒருத்தியும் மாத்திரைக்குக் கை நீட்டவில்லை. கங்கா எட்டாம் மாதம். மிச்சமிருந்த மாத்திரையைப் பொட்டலமாகக் கட்டி என் கையிலேயே திருப்பி வைத்தாள். "உம்மேல தப்பு இல்ல நர்சம்மா. ஆனா நான் இனிமே துன்ன மாட்டேன்" என்றாள். பேசிப் பார்த்தேன். அழுதும் பார்த்தேன்.

அவர்கள் வாயை நம்புகிறவர்கள் இல்லை, வயிற்றைத்தான் நம்புவார்கள். அதனால் நீ ஒரு புதன்கிழமை வாயேன். நானும் அதையேதான் தின்றேன், நன்றாக இருக்கிறேன் என்று அவர்கள் முன்னால் நின்று சொல். அது போதும். எனக்கு வேறு வழி தெரியவில்லை சசி.

மெர்சி


குன்றத்தூர்
12.10.1991

என் மெர்சிக்கு,

உன்னைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருக்கிறது. ஆனால் நான் வரமாட்டேன்.

உன்னிடம் மறைத்து என்ன? உனக்கு நடந்ததைக் கேள்விப்பட்ட அன்றே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். பப்பாளி மட்டுமில்லை, முட்டை, கீரை, மாத்திரை எல்லாம்தான். இது முட்டாள்தனம் என்று தெரியும். நீ படித்த வகுப்பில்தானே நானும் உட்கார்ந்திருந்தேன். ஆனால் மாத்திரையைக் கையில் எடுத்தால் உன் குழந்தை ஞாபகம் வருகிறது, வாய் திறக்க மறுக்கிறது.

அடுத்த மாதம் எனக்கு வளைகாப்பு. நீ வருவதில் அத்தைக்கு இஷ்டமில்லை. நானும் அவரிடம் உனக்காகப் பேசவில்லை. என்னைத் திட்டு. ஆனால் பிள்ளை பிறக்கும்வரை வீட்டு விலாசத்துக்கு எழுதாதே.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவும் வெட்கப்படும்
சசிகலா


ஒரகடம்
24.10.1991

சசி,

ஆஸ்பத்திரி விலாசத்துக்குத்தான் எழுதியிருக்கிறேன், பயப்படாதே.

நீ வருவாய் என்று நம்பி உன்னைப் பற்றிக் கங்காவிடம் முன்பே சொல்லிவைத்திருந்தேன். நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். கால் வீங்கியிருக்கிறது, நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் அவள் புருஷன் எல்லப்பன் பார்க்கலாம் என்கிறான். கங்கா என் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "உன் சிநேகிதி வர்லியா? அவங்க துன்னுகினு நல்லாகீறாங்கன்னா நானும் துன்றேன்" என்றாள்.

ஆமாம், சசி தின்கிறாள், சௌக்கியமாக இருக்கிறாள் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன். உன்மேல் எனக்குக் கோபம்தான், இல்லை என்று எழுத மாட்டேன். ஆனால் மரத்தை வெட்டிய மனுஷனுக்கே தினமும் சோறு போட்டுக்கொண்டிருக்கிறேன், உன்னை என்ன சொல்லித் திட்டுவது? படித்த நீயே நிறுத்திவிட்டாய். இனி அவளை எந்த வாயால் சாப்பிடச் சொல்வேன்?

இனி எழுத மாட்டேன். நீயும் எழுத வேண்டாம். மாத்திரையை மட்டுமாவது விழுங்கடி.

மெர்சி