சுவரில் பென்சில் கோடுகள்

நகரி,
மார்கழி 9

அன்புள்ள சந்திரனுக்கு,

உன் வீட்டில் அனைவரும் நலம் என்று உன் மகன் கிரண்குமார் சொன்னான். நகரியிலிருந்து திருப்பதிக்குக் கடிதம் எதற்கு, போன் இருக்கிறதே என்று நினைப்பாய். போனில் நீ பேசுவாய், நான் சரி சரி என்பேன். ஐந்து மாதமாக அப்படித்தான் முடிந்தது. இது மூன்றாவது தாள். முதல் இரண்டிலும் கோபம் அதிகமாகிவிட்டதோ என்ற சந்தேகத்தில் கிழித்துப் போட்டேன். இதிலும் குறையவில்லை. ஆனால் இதைக் கிழிக்கப் போவதில்லை.

நாங்கள் குடியிருக்கும் இந்த உன் வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே கசிவதை ஆனி மாதக் கடைசியில் பார்த்தேன். கூடத்துச் சுவரில் ஈரம் எதுவரை இறங்கியிருந்ததோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதினேன். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு கோடு. தாசில்தார் ஆபீசில் காலம் முழுக்கக் கோப்பு கட்டியவனுக்கு வேறென்ன தெரியும்?

ஆடியில் வீட்டு வேலை தொடங்கக் கூடாது என்றாய். நானும் அதை மதிப்பவன், ஒப்புக்கொண்டேன். ஆவணியில் மேஸ்திரி கிடைக்கவில்லை. புரட்டாசியில் பிரம்மோற்சவக் கூட்டம், உன் லாட்ஜை விட்டு நகர முடியாது. அப்போது கோடு சுவிட்ச் போர்டுக்கு ஒரு சாண் மேலே இருந்தது. ஐப்பசியில், மழைத் தண்ணீர்தான், மழை நிற்கட்டும் என்றாய். மழை பெய்யாத வாரங்களிலும் கோடு இறங்கியதை நான் பார்த்திருந்தேன். ஆனாலும் நான் என்ன மேஸ்திரியா என்று என் மேலேயே சந்தேகம். ஒவ்வொரு முறையும் போனை வைக்கும் முன், அவசரமில்லை சந்திரா, உனக்கு ஒழிந்தபோது பார் என்றேன். என் வாயால் நானே சொன்னேன். இந்தக் கோபத்தில் பாதி என்னைச் சேரும். பாதிதான்.

கார்த்திகை தீபத்தன்று தேவசேனா வாசலில் அகல்களை ஏற்றி வைத்தாள். வெளிச்சம் நன்றாகத் தெரியட்டும் என்று கூடத்து லைட்டை அணைக்கப் போனாள். அவள் கத்தக்கூட இல்லை. கை சுவிட்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் மணைப்பலகையால் தட்டிவிட்டேன். அன்று ஈரம் போர்டைத் தாண்டி நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. அதற்கும் கோடு இருக்கிறது, தேதி இருக்கிறது. பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் ஆறு நாள். உன் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். நீ வரவில்லை. கிரண்குமார்தான் ஆப்பிளோடு வந்தான். “பழைய வீடு அப்டித்தான் இருக்கும் மாமா. அத்தைய செருப்பு போட்டுக்கினு சுச்சு போடச் சொல்லுங்கன்னு நைனா சொன்னாரு” என்றான். கட்டிலில் படுத்திருந்தவள் காதில் அது விழுந்தது. ஆப்பிளை நாங்கள் தொடவில்லை.

அவளுக்கு வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. காலையில் நான்தான் தலை பின்னிவிடுகிறேன். கோணலாக இருக்கிறது என்கிறாள். கோணல்தான்.

வீடு மாறத் தீர்மானித்தோம். மார்கழியில் யாராவது குடி போவார்களா, தை பிறக்கட்டும் என்று நான்தான் தயங்கினேன். “உங்க சிநேகிதருக்கு ஆடியில சொவத்துல கை வைக்கக் கூடாது, உங்களுக்கு மார்கழியில வெளிய போகக் கூடாது. கரண்ட்டு இன்னா மாசம் பாத்துக்கினா அடிச்சிச்சு?” என்று கேட்டாள். நான் உடனே வண்டிக்காரருக்குப் போன் செய்தேன். இந்தச் சனிக்கிழமை புத்தூருக்குப் போகிறோம். பால் மட்டும் தையில் காய்ச்சிக்கொள்ளலாம் என்றாள்.

இதோடு முடித்திருப்பேன். நேற்று கிரண்குமார் ஒரு கணவன் மனைவியை வீடு பார்க்க அழைத்து வந்தான். இரண்டு வயதுப் பெண் குழந்தை அவர்களோடு. ஒரு கை சுண்ணாம்பு அடித்தால் கோடெல்லாம் மறைந்துவிடும் என்றான். குழந்தை அந்தக் கோடுகளைப் பார்த்து ஆசையாகச் சுவரில் கை வைக்கப் போனது. கூடத்து ஃபியூஸை நான் தீபத்தன்றே பிடுங்கி வைத்துவிட்டேன். அது தெரிந்தும் கத்திவிட்டேன். என் குரல் அவ்வளவு பெரிதென்று எனக்கே தெரியாது. பெரியவருக்குப் பயம் ஜாஸ்தி என்று கிரண்குமார் அவர்களிடம் தெலுங்கில் சொல்லிச் சிரித்தான். ஆமாம், ஜாஸ்திதான். அவர்களை நிறுத்தி, மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு தேதியாகப் படித்துக் காட்டினேன். தேவசேனா தன் கையைக் காட்டினாள். அவர்கள் போய்விட்டார்கள். அடுத்து வருகிறவர்களுக்குப் படித்துக் காட்ட நான் இருக்கமாட்டேன்.

வீட்டுச் சாவியைக் கிரண்குமாரிடம் கொடுத்துவிடுவேன். ஃபியூஸைக் கொடுக்கமாட்டேன். நீ மேஸ்திரியோடு வந்து, தொட்டியைச் சரிசெய்து, போர்டை மாற்றிய பிறகு, புத்தூருக்கு வந்து என்னிடம் வாங்கிக்கொள். கடையில் புதிது வாங்க ஐந்து நிமிடம் ஆகாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் தரமாட்டேன்.

உனக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். எந்த வீட்டுச் சுவரில் கை வைத்தாலும் அவர்களுக்கு ஒரு குறையும் வரக் கூடாது. அதைத்தான் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

அவசரம், சந்திரா.

இப்படிக்கு,
பாலசுந்தரம்