இனி நர்ஸ் வரமாட்டாள்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

பக்கவாதத்தில் கிடக்கும் என் மாமியாரைப் பார்த்துக்கொள்ள இன்று முதல் முறையாக நர்ஸ் வீட்டுக்கு வந்தாள். இனி நர்ஸும் பிசியோவும் முறை வைத்து வருவார்கள், டாக்டர் போனில் கேட்டுக்கொள்வார் என்று ஆஸ்பத்திரியில் ஏற்பாடு செய்திருந்தார்கள். முதுகுப் புண்ணுக்கு மருந்து கட்டியபின் அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"நான் இருக்கேன். நீங்க போய்க் கொஞ்சம் ஒறங்குங்கக்கா."

படுத்ததுதான் தெரியும்.

சத்தம் கேட்டு எழுந்தால், அடுக்களையில் மதினி. என் வீட்டுக்காரரின் அக்கா, சீவலப்பேரியிலிருந்து வந்திருந்தாள். கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த நர்ஸை ஏசிக்கொண்டிருந்தாள்.

"மருமவ ஒறங்குதா, ஊராள் அடுக்களையில நிக்கா. எங்கம்மைக்கு நாதியில்லாமயா போச்சு? நீ கெளம்பு. இனி ஒருத்தரும் வரவேண்டாம்னு ஆஸ்பத்திரில சொல்லிரு."

இவர் பேப்பரை மடித்தார். "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

நர்ஸ் கிண்ணத்தை என் கையில் தந்துவிட்டுப் போனாள். மதினி காபி குடித்தாள், அம்மாவுக்குத் திருநீறு பூசினாள், பஸ்ஸுக்குக் கிளம்பினாள். படுக்கை நனைந்திருந்தது. அதை நான்தான் மாற்றினேன்.

அத்தைக்குக் காது மந்தம். நடந்தது எதுவும் தெரியாது. குழறிக் குழறிக் கேட்டாள்: "அந்தப் பிள்ள நாளைக்கும் வருமா?"

சும்மா இருந்திருக்கலாம். காதருகே குனிந்து, நன்றாகக் கேட்கும்படி சொன்னேன்.

"வராது. ஒங்க மவதான் வெரட்டிட்டா."

கோணிய வாய் இன்னும் கோணியது. கண்ணீர் காதுவரை வழிந்தது. நான் துடைக்கவில்லை. நின்று பார்த்தேன். மத்தியானம் தூங்கிய தூக்கத்தைவிட அது சுகமாக இருந்தது.