ரிக்கை நிறுத்திய ஐந்து ரூபாய்

அன்பு மகன் குணசீலனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, நான், உன் தங்கை கனிஷ்கா எல்லோரும் சுகம், எருமை கன்று ஈன்று அதுவும் சுகம். நீ காவல் இருக்கும் எல்லையில் பனி அதிகம் என்று டிவியில் சொன்னார்கள், காதை மூடாமல் வெளியே போகாதே. உன் போனுக்கு லைன் கிடைக்கவில்லை, அதனால் நான் சொல்லச் சொல்லக் கனிஷ்கா எழுதுகிறாள், என் பேச்சையெல்லாம் பள்ளிக்கூடத் தமிழாக்கிவிடுகிறாள்.

பேக்கரி பச்சமுத்து பேங்கிலிருந்து வாங்கிவரும் சில்லறைப் பாக்கெட்டுகளை இவள் ஞாயிறுதோறும் பிரித்து, அச்சுப் பிசகிய காசு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது உனக்குத் தெரியும். இரண்டு வருஷம் பார்த்து, போன மாதம்தான் ஒன்று அகப்பட்டது. ஐந்து ரூபாய்க் காசில் சிங்க முத்திரை ஒரு பக்கமாக நகர்ந்து, ஓரம் பிறை போல வெறுமையாக இருக்கிறது. தன் ஐந்து ரூபாயைக் கொடுத்து மாற்றிக்கொண்டு, சாமி அலமாரியில் வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை மேட்டுக்காட்டில் தண்ணீருக்குப் போர் போட்டோம். பூஜைக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து, துளை போடும் பாயிண்டில் புதைக்க வேண்டுமே, அவசரத்தில் அலமாரியில் இருந்ததையே எடுத்துப் போய்ப் புதைத்துவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் காசைக் காணாமல் காட்டுக்கு ஓடிவந்து, ஓட்டப்போன ரிக் வண்டியை நிறுத்தச் சொன்னாள். டிரைவர் இறங்கிக் காசைத் தோண்டி எடுத்து, இதுல அப்படி என்னங் சாமி இருக்குது என்று கேட்டார். காசுத் தகடு அச்சுக்குள் சரியாக உட்காராமல் அடிபட்டால் இப்படி ஆகும் என்று இவள் விளக்க, ரிக் ஆட்கள் அத்தனை பேரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

வேறு காசு வைத்து ஓட்டினோம். தொள்ளாயிரம் அடி போயும் மண்புகைதான் வந்தது. உன் பெரியப்பா வெங்கடாசலம் எல்லார் முன்னாலும், பூசை பண்ணுன காசத் தோண்டுனா தண்ணி எப்படி வரும் என்றார். அன்றிலிருந்து இவள் சரியாகச் சாப்பிடவில்லை. நேற்று காசை என்னிடம் நீட்டி, வித்துப்போடுங்கம்மா, அடுத்த போருக்கு ஆகட்டும் என்றாள். சேலத்தில் இந்த மாதிரிக் காசுக்கு எட்டாயிரம் தருகிறார்களாம். உன்ற கண்ணு கண்டுபுடிச்சது சாமி, நம்மூட்லயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்ததை எழுத மாட்டேன் என்று பேனாவை வைத்துவிட்டாள். எழுதினால்தான் கவரை ஒட்டுவேன் என்று நானும் உட்கார்ந்திருந்தேன், இப்போது எழுதுகிறாள். தண்ணீர் வராததற்குக் கனிஷ்கா காரணம் இல்லை. போன வருஷம் பெரியப்பா காட்டில் போட்ட போரிலும் புகைதான் வந்தது, அங்கே யாரும் காசைத் தோண்டவில்லை.

மலைக்கோயில் சாமி உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். கம்பளி பார்சல் வந்ததா என்று எழுது. தங்கைக்கென்று தனியாக ஒரு கடிதம் போடு.

உன் அம்மா,
மயிலம்மாள்.
கையெழுத்து மட்டும் நானே போட்டேன்.