மூன்று மார்செல்லாக்கள்

கில்நாவரா, வெஸ்ட்மீத், அயர்லாந்து
14 ஏப்ரல் 1962

அர்ஜென்டினாவின் புல்வெளிகளுக்கெல்லாம் அரசியான என் மருமகள் எல்வீராவுக்கு, உன் மாமன் மலக்கி லீவி எழுதிக்கொள்வது. நான் சுகம். மாடுகள் சுகம். மழை எங்கள் எல்லோரையும்விடச் சுகம். பதினாறு வாரமாக ஒரு நிமிடம்கூட ஓய்வெடுக்கவில்லை. வாத்துகளே பாதிரியாரிடம் போய் முறையிட்டதாகக் கேள்வி.

முதல் வேலையாக என் போன கடிதத்தை அடுப்பில் போடு. இங்கிருந்து கப்பலேறிப் போன உன் கொள்ளுப்பாட்டி மார்செல்லாவுக்கு மூன்று முறை ஞானஸ்நானம் கொடுத்தார்கள், அவ்வளவு பொல்லாத பிள்ளை, முதல் இரண்டு தடவை தண்ணீர் அவளிடம் பலிக்கவில்லை என்று அளந்திருந்தேன் அல்லவா? வேடிக்கை என்று நினைத்து எழுதினேன். உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை ஒழுங்காகப் படித்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

நீ கேட்டது வேறு. போன வருடம் பிறந்து ஒன்பது நாளே உயிரோடிருந்த உன் மகளுக்கு மார்செல்லா என்று பேர் வைத்தீர்கள். ஆகஸ்டில் அடுத்தது வருகிறது. பெண்ணானால் அதே பேரை வைக்க உனக்கு ஆசை. போன பிள்ளையின் பேர் வருகிற பிள்ளைக்கு ஆகவே ஆகாது என்கிறாள் உன் மாமியார். நம் பழைய வீட்டில் என்ன செய்தார்கள், பார்த்துச் சொல்லுங்கள் மாமா என்றாய். அதற்கு நான் எழுதிய பதில் அந்தக் கூத்து.

இந்த ஊர் மாதா கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறதே, ஒரு கன்றுக்குட்டி எடை. திறந்தால் கிளம்பும் தூசியில் மூன்று மாவட்டத்துக் கோழிகள் தும்மும். முழுக்க லத்தீன், எழுதிய பாதிரியார் ஓடுகிற குதிரைமேல் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். இந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு பேட்ரிக் லீவியின் மேல்தான் விழ வேண்டும். ஆனாலும் மனைவி பேரை வைத்து நம்மவரைப் பிடித்துவிட்டேன்: பேட்ரிக் லீவி, ஹெஸ்டர் டால்டன். அவர்களுக்கு மார்செல்லா, 1834. மறுபடி மார்செல்லா, 1837. மறுபடியும் மார்செல்லா, 1840. உங்கள் ஊரில் உன் கொள்ளுப்பாட்டியின் கல்லறையில் 1834-இல் பிறந்தாள் என்று வெட்டியிருக்கிறது. 1859-இல் கப்பல்காரன் எழுதிய வயதோ பத்தொன்பது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவரில் முட்டிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மறுபடி பாதிரியார் வீட்டுக்குப் போனேன். அங்கே சமைக்கிற டெலியா காஃப்னி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். என் புதிய கண்டுபிடிப்பை அவளிடம் முழங்கினேன்: ஒரே பேரில் மூன்று அக்கா தங்கைகள், சாப்பிடக் கூப்பிட்டால் மூன்றும் ஓடிவரும், ஒன்றைத் திட்டினால் மூன்றும் அழும் என்று. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “ஏன் மலக்கி, அறுபது வயசாச்சு, தலைக்குள்ள இருக்கறது மூளையா, ஈரக் களிமண்ணா? மூணும் ஒரே நேரத்துலயா இருந்துச்சு? ஒண்ணு போனாத்தான் அந்தப் பேரு அடுத்ததுக்கு வரும். எங்க வீட்டுல நான் ரெண்டாவது டெலியா” என்றாள். ரொட்டியை அடுப்புக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

எல்வீரா, நாற்பது வருடமாக அவளைக் கேலி செய்கிறேன். இது எனக்குத் தெரியாது.

அப்படிப் பேர் வைத்தது உனக்கு எப்படி இருந்தது என்று கேட்டேன். “பேரு பேருதான். என்ன, எங்கம்மா கூப்பிட்டுட்டு ஒரு நொடி சும்மா நிப்பா. அப்புறந்தான் என்னைப் பாப்பா” என்றாள். அது நல்லதா கெட்டதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வாய் வராதது என் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. ஊரில் விசாரித்துப் பார்.

ஆக, உங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தவள் மூன்றாவது மார்செல்லா. பின் ஏன் அக்காவின் வருடத்தைத் தன் வருடம் என்று அங்கே சொன்னாள்? தெரியாமலா, தெரிந்தேதானா? ஹெஸ்டர் மூன்றாவது முறையும் அந்தப் பேரை வைத்தது பிடிவாதத்திலா, வேறு எதிலா? எனக்குப் பிடிபடவில்லை. பதிவேடு எழுதிய பாதிரியார் தம் லத்தீனில் ஒரு வரிக்குமேல் ஹெஸ்டருக்கு இடம் கொடுக்கவில்லை. அதே பேரை வை என்று நான் சொன்னால் உன் மாமியார் அட்லாண்டிக்கை நீந்தி வந்து என் காதைத் திருகுவாள். வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. டெலியாவிடமே கேட்டேன். அந்தப் பெண்ணின் மனசுக்குத் தெரியும், நீ வாயை மூடு என்றாள்.

நம் வம்சத்தை ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் வரைந்திருக்கிறேன். ஹெஸ்டரின் மூன்று பெண்களையும் தனித்தனியாகப் போட்டேன். உன் பேருக்குக் கீழே உன் ஒன்பது நாள் மகளை எழுதினேன், பென்சிலில் அல்ல, மையில். அவளுக்குப் பக்கத்தில் வருகிறவளுக்கு இடம் இருக்கிறது. வருகிறவன் என்றாலும் தாராளமாகக் கொள்ளும்.

கனமானதைத் தூக்காதே. பால் குடி. கடவுளும் கன்னிமரியாளும் உன் கட்டிலருகிலேயே இருக்கட்டும். பேர் மெதுவாக வரட்டும், அம்மா. பிள்ளை அழுதது என்று மட்டும் எனக்கு ஒரு தந்தி அடித்துவிடு.

உன் நலமே வேண்டும்
மலக்கி மாமா