அவர் திரும்பி வரும் அத்தியாயம்

3 ஜூன்

அன்புள்ள குட்டிக்கு,

நலம்தானே? மூன்று கடிதத்துக்குப் பதில் இல்லை. பேனா தொலைந்துவிட்டதா?

உன் வீட்டுக்காரர் விட்டுப்போனதை எழுதிக்கொள்ளச் சொன்னாயே, அந்தத் தொடர்கதை சக்கைப்போடு போடுகிறது. இம்மாதக் கடைசியில் முடிக்க வேண்டும். "அவர் திரும்பி வரணும்மா, படிக்கிறவங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டே சிரிக்கணும்" என்கிறார் பத்திரிகை ஆசிரியர். கதையில் கூட்டி வரட்டுமா? நீ வேண்டாமென்றால் விட்டுவிடுகிறேன். நிஜமாக வந்தால் அவர் என்ன செய்வார் என்றும் எழுது.

அன்புடன்,
அக்கா

9 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நிற்பதால் கால்வலி, வேறொன்றுமில்லை. அவர் போய் எட்டு மாதம். எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. மரத்துப்போய்விட்டது. சமையலறைக் குழாய்தான் ஒழுகிக்கொண்டே இருக்கிறது.

தாராளமாகக் கூட்டி வா. ஆனால் அவர் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. நேரே சமையலறைக்குப் போய், "ஸ்பேனர் எங்க வச்சே?" என்பார். எனக்கு அது போதும்.

தங்கை

1 ஜூலை

அன்புள்ள குட்டிக்கு,

ஸ்பேனர் வரியை ஆசிரியர் அடித்துவிட்டார். "குழாய் ரிப்பேருக்கு யாரும்மா அழுவாங்க?" என்றார். அதனால் வாசலில் மண்டியிட வைத்து, ஒரு பக்கத்துக்கு மன்னிப்புக் கேட்க வைத்தேன். முந்நூறு கடிதம் வந்திருக்கிறது! உனக்குப் பிடித்ததா? ஒரு வரி போடேன்.

அக்கா

14 ஜூலை

அக்கா,

கடையில் எல்லோரும் படித்துவிட்டு அழுதார்கள். கண்ணாடி துடைக்கும் துணியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

ஞாயிறு காலை அவர் நிஜமாகவே வந்தார். ஒரு வாரம்கூட விடாமல் உன் தொடரைப் படித்திருக்கிறார். வாசலில் மண்டியிட்டு, "நீ சிந்தின ஒவ்வொரு சொட்டுக் கண்ணீருக்கும் நான் பதில் சொல்லணும்" என்று ஆரம்பித்தார். நடுவில் ஒரு வரி மறந்துபோய், மறுபடி முதலிலிருந்து சொன்னார். நான் அழவே இல்லையே அக்கா, எந்தக் கண்ணீருக்கு?

உள்ளே குழாய் சொட்டுவது எங்கள் இருவருக்கும் கேட்டது. அவர் ஸ்பேனரைக் கேட்பாரென்று நான் நின்றேன். நான் அழுவேனென்று அவர் காத்திருந்தார். பிறகு முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விட்டார்.

உன்மேல் கோபமில்லை. இனி என்னை எழுதாதே. எனக்கும் எழுதாதே.

ஸ்பேனர் வாசல் அலமாரியில்தான் இருந்தது. ஒன்பது மாதமாக அங்கேதான் வைத்திருந்தேன்.

தங்கை