தக்காளிச் செடி மூடிய சாக்கு

அன்பு அம்மாவுக்கு, க்ளைட் எழுதுவது. அலாஸ்காவில் மீன் வெட்டும் வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உனக்கு மூச்சு வாங்குவது குறைந்ததா? மறைக்காமல் எழுது. நர்சிடம் சொல்லி எழுதவைக்காமல் உன் கையாலேயே இரண்டு வரி எழுது.

போன வாரம் லீவு போட்டு சியாட்டிலுக்குப் போனேன். அப்பாவோடு கப்பல் தளத்தில் வேலை பார்த்தவர்களில் ஆர்வில் மாமா மட்டும்தான் உயிரோடு இருக்கிறார். தூசி படிந்த அப்பா உடுப்பைத் துவைத்து உனக்கு நோய் வந்தது போதாதாம். அவர் கையாண்ட ஆஸ்பெஸ்டாஸ் தூள் எந்தக் கம்பெனியுடையது என்று நிரூபித்தால்தான் இழப்பீட்டு நிதிக்காரர்கள் உன் மனுவைத் தொடுவார்களாம்.

கேட்டதும் மாமா சிரித்தார். "பேரை எவன்டா பார்த்தான்? மூட்டையைக் கிழிப்போம், கொட்டுவோம். உங்கப்பன் மட்டும் காலி சாக்கை விடமாட்டான். 'பனி விழுந்தா தக்காளிச் செடிய மூட என் பொண்டாட்டிக்கு ஆகும்'னு சுருட்டிட்டுப் போவான். அதுல கொட்டை எழுத்துல பேர் இருக்குமே!"

நிலவறையில் அந்தச் சாக்கு ஏதாவது கிடக்கிறதா அம்மா? நீ தொடாதே, உதறாதே. நம் வக்கீலை வந்து எடுக்கச் சொல். ஓர் எழுத்து தெரிந்தாலும் போதும்.

கம்பளிக் காலுறை கிழிந்துவிட்டது. அப்பாவுடைய பழையது இருந்தால் அனுப்பு. வேண்டாம், அதையும் தொடாதே.

தபால் படகு ஊதுகிறது. எதற்கும் சாக்கைப் பார்க்கச் சொல். ஆனால் அப்பா கொண்டுவந்த அன்றே அதையும் அவர் உடுப்போடு போட்டு, வெளுக்கும்வரை தேய்ப்பாயே. நீ துவைத்த எதிலும் எதுவும் மிஞ்சியதில்லை அம்மா.

க்ளைட்